அடித்துத் திருத்திய காசோலை செல்லுமா?

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி பிறந்ததும் வங்கிக் கவுண்டர்களில் ஒரே வகையான சிக்கல் வந்து நிற்கும். ஆண்டு மாறியது மனதில் பதிவதற்குள் கை பழைய ஆண்டையே எழுதிவிடும். 2026 என்று வரவேண்டிய இடத்தில் 2025. எழுதியவர் உடனே கவனித்து, 5-ன் மேலேயே 6 என்று அழுத்தி எழுதுவார். பக்கத்தில் ஒரு கையெழுத்தும் போட்டுத் தருவார். கடை வாடகைக்கோ சரக்குக்கோ அதை வாங்கியவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அந்தக் காசோலை செல்லுமா? சட்டத்தைக் கேட்டால் செல்லும் என்கிறது. வங்கியோ அதைத் திருப்பி அனுப்பவும் கூடும். அதே 6-ஐ, எழுதியவரின் சம்மதமின்றி, வாங்கியவரே தன் கையால் போட்டிருந்தால் காசோலை செல்லாமல் போகலாம். வழியில் திருடியவன் தொகையை மாற்றிப் பணம் எடுத்துவிட்டால், நட்டம் யார் தலையில் விழும் என்பது வேறொரு வழக்கு. காகிதத்தில் தெரிவது ஒரே மாதிரியான மைக்கீறல்தான். யார் திருத்தினார், யாருடைய சம்மதத்தோடு திருத்தினார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. இந்த வேறுபாடு தெரியாமல் கைப்பணத்தை இழந்தவர்களும், ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்துக்கு அலைந்தவர்களும் ஏராளம்.

எண்பத்தேழாவது பிரிவு

இந்தியாவில் காசோலைக்கு ஆதாரம் 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம். திருத்தம் பற்றி அதன் 87-ஆவது பிரிவு பேசுகிறது. ஓர் ஆவணத்தில் முக்கியமான திருத்தம் செய்யப்பட்டால், அந்தத் திருத்தத்துக்குச் சம்மதிக்காதவரை அது கட்டுப்படுத்தாது. அவரைப் பொறுத்தவரை அந்த ஆவணம் வெறும் காகிதம். இதற்கு ஒரு விலக்கு உண்டு. இரு தரப்பும் முதலில் என்ன நினைத்தார்களோ அதை நிறைவேற்றவே திருத்தம் செய்யப்பட்டிருந்தால் ஆவணம் செல்லும்.

எது முக்கியமான திருத்தம்? 1977-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு அளவுகோல் தந்தது. ஆவணத்தால் கட்டுப்பட்டவர்களின் உரிமையையோ பொறுப்பையோ சட்ட நிலையையோ மாற்றுவது எதுவும் முக்கியத் திருத்தமே. காசோலையில் தேதி, தொகை, பெறுபவர் பெயர் மூன்றும் இதில் சந்தேகமின்றி அடங்கும். ஒருவர் பெயருக்கு மட்டும் எழுதியதைக் கொண்டுவருபவர் யாருக்கும் தரலாம் என்று மாற்றுவதும் அப்படியே.

எல்லாத் திருத்தமும் குற்றமில்லை. சில திருத்தங்களைச் சட்டமே அனுமதிக்கிறது. கோடிடாத காசோலையை வாங்கியவர், பாதுகாப்புக்காக இடது மூலையில் இரண்டு சாய்கோடுகளைத் தானே போட்டுக்கொள்ளலாம். 125-ஆவது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. ஆனால் எழுதியவர் போட்ட கோட்டை வாங்கியவர் அழிக்க முடியாது. அதை எழுதியவர்தான் கையெழுத்திட்டு நீக்க வேண்டும்.

தேதித் திருத்தம் பற்றி வழிகாட்டும் தீர்ப்பு ஒன்று தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில் பிறந்தது. வீரா எக்ஸ்போர்ட்ஸ் என்ற நிறுவனத்தின் வழக்கு அது. காசோலையில் தேதி திருத்தப்பட்டிருக்கிறது, ஆகவே அது செல்லாது என்பது எதிர்தரப்பின் வாதம். 2001-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காலாவதியான காசோலைக்குப் புதுத் தேதி போட்டு மீண்டும் உயிர் கொடுக்கும் உரிமை அதை எழுதியவருக்கு உண்டு என்றது. அவரே திருத்தினாரா, அவர் சம்மதத்தோடு திருத்தப்பட்டதா என்பது சாட்சியத்தால் முடிவாக வேண்டிய கேள்வி. திருத்தம் கண்ணில் பட்டது என்பதற்காக மட்டும் வழக்கைத் தூக்கி எறிய முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

எண்ணும் எழுத்தும் முரண்பட்டால்? எண்ணில் 15,000 என்றும் எழுத்தில் பத்தாயிரம் என்றும் இருந்தால், எழுத்தில் உள்ளதே தொகை என்று 18-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனாலும் இப்படி வரும் காசோலையை வங்கிகள் தொகை முரண் என்று காரணம் காட்டித் திருப்புவதே வழக்கம்.

வங்கி ஏன் ஏற்பதில்லை?

சட்டம் செல்லும் என்று சொல்வதை வங்கி ஏன் திருப்ப வேண்டும்? காரணம், காசோலையின் பயணமே மாறிவிட்டது.

முன்பு காசோலைக் காகிதமே ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் போனது. பணம் தர வேண்டிய கிளையில் ஓர் ஊழியர் அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, திருத்தத்தின் அருகில் உள்ள கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார். சி.டி.எஸ். எனப்படும் படவழிப் பரிமாற்றம் 2008 பிப்ரவரியில் புது தில்லியிலும், 2011 செப்டம்பரில் சென்னையிலும், 2013 ஏப்ரலில் மும்பையிலும் வந்த பிறகு காகிதம் போட்ட இடத்திலேயே நின்றுவிடுகிறது. பயணம் போவது அதன் படங்கள்தான். முன்பக்கம் சாம்பல் நிறச் சாயலில் ஒன்று, கறுப்பு வெள்ளையில் இன்னொன்று, பின்பக்கம் ஒன்று. நீல மையின் மேல் கறுப்பு மை ஏறியிருப்பதோ, சுரண்டிய இடத்தில் காகிதம் மெலிந்திருப்பதோ இந்தப் படங்களில் சரியாகத் தெரியாது.

அதனால் ரிசர்வ் வங்கி 2010-இல் கண்டிப்பான விதி வகுத்தது. படவழிப் பரிமாற்றத்துக்கு வரும் காசோலையில் பெறுபவர் பெயரையோ, எண்ணிலோ எழுத்திலோ உள்ள தொகையையோ திருத்தக் கூடாது. பிழை நேர்ந்தால் புதிய காசோலைதான் எழுத வேண்டும். அருகில் எத்தனை கையெழுத்துப் போட்டாலும் பயனில்லை. தேதியைப் புதுப்பிக்கும் திருத்தத்துக்கு மட்டும் விதிவிலக்கு. ஆக, ஜனவரியில் 5-ன் மேல் எழுதிய அந்த 6, முழுக் கையெழுத்து இருந்தால் விதிப்படி தப்பிக்கலாம். அங்கும், எழுத்தின் மேலேயே எழுதியதால் படம் தெளிவில்லை என்று தோன்றினால் வங்கி திருப்பிவிடும். தவறான தேதியை ஒரு கோட்டால் அடித்து, சரியானதைத் தனியே எழுதி, வங்கியில் பதிந்துள்ள அதே கையெழுத்தை முழுமையாகப் போடுவது நல்லது. புதுக் காசோலை எழுதித் தந்தால் இன்னும் நல்லது. காசோலையின் ஆயுள் 2012 ஏப்ரல் 1 முதல் ஆறு மாதத்திலிருந்து மூன்று மாதமாகக் குறைந்துவிட்டதால், போன ஆண்டு ஜனவரித் தேதியிட்ட காசோலையைத் திருத்தாமல் போட்டாலும் காலாவதி என்றே திரும்பும்.

இங்கே பணம் பெற வேண்டியவர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. காசோலை மோசடிக்குத் தண்டனை தரும் 138-ஆவது பிரிவு, கணக்கில் போதிய பணம் இல்லாமல் திரும்பும் காசோலையைப் பற்றியே பேசுகிறது. அதன்படி இரண்டு ஆண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். கணக்கை மூடிவிடுவது, வேண்டுமென்றே கையெழுத்தை மாற்றிப் போடுவது போன்ற தந்திரங்களையும் நீதிமன்றங்கள் இந்த வலைக்குள் கொண்டுவந்திருக்கின்றன. ஆனால் திருத்தத்துக்காக மட்டும் திரும்பிய காசோலையை வைத்துக்கொண்டு, எதிராளி ஏமாற்றத் திட்டமிட்டார் என்று நிறுவுவது பெரும்பாடு. அடித்தல் உள்ள காசோலையை யாராவது நீட்டினால் வாங்காமல் வேறு காசோலை கேட்பதுதான் புத்திசாலித்தனம். காசோலை செல்லாமல் போனதால் பின்னால் உள்ள கடன் தானாக மறைந்துவிடாது. ஆனால் கடன் இருந்தது என்று சட்டமே காசோலைதாரருக்குச் சாதகமாக அனுமானிக்கும் பெரிய வசதி கைநழுவிவிடும்.

இடைவெளியில் நுழைந்த பணம்

திருத்தியது மூன்றாவது ஆள், வங்கியும் ஏமாந்து பணம் கொடுத்துவிட்டது என்றால் நட்டம் யாருக்கு? இதற்கான விடையை உலகின் பல நீதிமன்றங்கள் லண்டனில் நடந்த ஒரு சம்பவத்திலிருந்து தேடுகின்றன.

1915-இல் மேக்மில்லன் அண்டு ஆர்தர் என்ற நிறுவனத்தின் பங்குதாரர் மதிய உணவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நம்பிக்கையான எழுத்தர் ஒருவர் சில்லறைச் செலவுக்கென்று காசோலையை நீட்டினார். இரண்டு பவுண்டு போதுமா, மூன்றாகப் போடலாமே என்று பங்குதாரர் கேட்டார். இரண்டே போதும் என்றார் எழுத்தர். எண்ணுக்கான இடத்தில் 2 மட்டும் இருந்தது; அதன் இரு பக்கமும் இடைவெளி. எழுத்தில் தொகை எழுதும் இடம் காலி. அவசரத்தில் கையெழுத்து விழுந்தது. எழுத்தர் முன்னால் ஒரு 1, பின்னால் ஒரு 0 சேர்த்து 120 ஆக்கி, காலியிடத்தில் நூற்று இருபது பவுண்டு என்று எழுதிப் பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்தார்.

1918-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை நட்டத்தை நிறுவனத்தின் மேலேயே சுமத்தியது. மோசடிக்கு இடம் தராத வகையில் காசோலை எழுதும் கடமை வாடிக்கையாளருக்கு உண்டு என்றது. அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன், 1827-இலும் இதே போன்ற தீர்ப்பு வந்திருக்கிறது. வெளியூர் போன ஒருவர் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைகளை மனைவியிடம் விட்டுச்சென்றார். எழுத்தர் ஒருவர் ஐம்பது பவுண்டுச் சொச்சத்துக்கு நிரப்பி மனைவியிடம் காட்டினார். சரி என்று அவர் தந்த பிறகு, முன்னால் விட்டிருந்த இடைவெளியில் முந்நூறைச் சேர்த்துவிட்டார். அந்த நட்டத்தையும் வாடிக்கையாளரே ஏற்க வேண்டியதாயிற்று.

தமிழில் எழுதும் காசோலைக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டில் காசோலையைத் தமிழில் எழுதலாம். வங்கி மறுக்கக் கூடாது. ஆனால் ‘ரூபாய்’ என்று அச்சிட்ட இடத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி ‘ஐந்தாயிரம்’ என்று எழுதினால் என்ன ஆகும்? இடையில் ‘முப்பத்து’ என்று ஒரு சொல்லும், எண்ணில் 5-க்கு முன்னால் ஒரு 3-உம் போதும். ஐந்தாயிரம் முப்பத்தைந்தாயிரமாகிவிடும். ஒன்றையும் அழிக்க வேண்டியதில்லை. அடித்தல் என்று ஒன்று கண்ணிலேயே படாது.

இந்தியச் சட்டத்தில் 89-ஆவது பிரிவு வங்கிக்கு ஒரு கேடயம் தருகிறது. திருத்தம் கண்ணுக்குத் தெரியாமல் இருந்து, வங்கி நல்லெண்ணத்தோடும் கவனக்குறைவு இல்லாமலும் பணம் கொடுத்திருந்தால் அது பொறுப்பிலிருந்து விடுபடும். மகாராஷ்டிரா வங்கி சம்பந்தப்பட்ட வழக்கில் 1993-இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. ரசாயனத்தால் எழுத்தை நீக்கித் திருத்திய காசோலை அது. வெறுங்கண்ணால் பார்த்தால் எதுவும் தெரியவில்லை. புறஊதா விளக்கில் பார்த்திருக்க வேண்டாமா என்று வாடிக்கையாளர் தரப்பு கேட்டது. சந்தேகம் எழாதபோது ஒவ்வொரு காசோலையையும் விளக்கில் வைத்துப் பார்க்காதது கவனக்குறைவு ஆகாது என்றது நீதிமன்றம்.

காலம் மாறியிருக்கிறது. 2014 நவம்பரில் ரிசர்வ் வங்கி அனுப்பிய சுற்றறிக்கை, 2 லட்சம் ரூபாய் போன்ற ஒரு வரம்பைத் தாண்டும் காசோலைகளைப் புறஊதா விளக்கில் பார்க்க வேண்டும் என்றும், காசோலை வந்ததும் கணக்கு வைத்திருப்பவருக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும் என்றும் வங்கிகளுக்குச் சொன்னது. இன்று ஒரு வங்கி இந்த எச்சரிக்கைகளைக் கைவிட்டிருந்தால், கவனக்குறைவு இல்லை என்று வாதிடுவது 1993-இல் இருந்த அளவு எளிதாக இருக்காது.

கையெழுத்தே போலி என்றால் நிலைமை முற்றிலும் வேறு. 1987-இல் கனரா வங்கி வழக்கில், நிறுவனத்தின் கணக்காளரே நிர்வாக இயக்குநரின் கையெழுத்தைப் போலியாக இட்டு 42 காசோலைகளில் பணம் எடுத்திருந்தார். பாஸ்புக்கை ஒழுங்காகப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருக்கலாமே என்றது வங்கி. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. போலிக் கையெழுத்துள்ள காசோலை, பணம் கொடு என்று வாடிக்கையாளர் தந்த உத்தரவே அல்ல; நட்டம் வங்கியுடையது என்று தீர்த்தது.

கையெழுத்து மட்டும் போட்டுத் தந்த காசோலை

சாதாரண மக்கள் அதிகம் அடிபடுவது திருத்திய காசோலையில் அல்ல, நிரப்பாத காசோலையில். ஃபைனான்ஸ்காரரிடம் அவசரத்துக்குக் கடன் வாங்கும்போது, ஜாமீனாக இரண்டு மூன்று செக் லீஃபில் கையெழுத்து வாங்கிக்கொள்வது ஊருக்கு ஊர் நடக்கிறது. காசோலை கொடுப்பவர், பின்னால் பிரச்சினை வந்தால் ‘தொகையும் தேதியும் என் கையெழுத்து இல்லை, அது திருத்தம்’ என்று சொல்லிக்கொள்ளலாம் என நம்புகிறார்.

அந்த நம்பிக்கைக்குச் சட்டத்தில் இடமில்லை. 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது இது: ஒருவர் தன் விருப்பத்தோடு கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையை ஏதோ ஒரு கொடுக்கல் வாங்கலுக்காகத் தந்தால், வாங்கியவர் தொகையையும் பிற விவரங்களையும் நிரப்பிக்கொள்ளலாம், அதனால் மட்டும் காசோலை செல்லாததாகிவிடாது. காலியிடத்தை நிரப்புவது, எழுதியதை மாற்றுவது ஆகாது. கடனே இல்லை என்றோ, இருந்த கடன் அவ்வளவு இல்லை என்றோ நிரூபிக்கும் சுமை கையெழுத்திட்டவர் மேல் விழுகிறது. 2022 ஆகஸ்டில் வந்த இன்னொரு தீர்ப்பு, நிரப்பியது வேறு ஒருவர் கை என்று கையெழுத்து நிபுணர் சொன்னாலும் கடன் இருந்தது என்ற அனுமானம் உடைந்துவிடாது என்றது.

தேதி பிற்பாடு போடப்பட்டது என்பதை மையின் வயதைக் கொண்டு நிரூபிக்கலாம் என்று பலர் நீதிமன்றத்தில் மனுப் போடுகிறார்கள். சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் ஆவணப் பிரிவு அதிகாரியையே அழைத்துக் கேட்டது. எழுத்தின் வயதைத் துல்லியமாகச் சொல்லும் அறிவியல் முறை தங்களிடம் இல்லை என்று அவர் சொன்னார். மையின் வயது தெரிந்தாலும், பழைய மையால் நேற்று எழுதியிருக்கலாம் அல்லவா என்ற கேள்வியும் நிற்கிறது.

ஆனால் ஏற்கெனவே எழுதியிருந்த தொகை மாற்றப்பட்டது என்றால் கதை வேறு. அப்போது நிபுணர் ஆய்வு பெரிதும் உதவும். காசோலையை நிபுணரிடம் அனுப்பக் கேட்பது, தன்னைத் தற்காத்துக்கொள்ளும் உரிமையின் பகுதி என்று தமிழ்நாட்டிலிருந்து போன மற்றொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இல் ஏற்றிருக்கிறது.

வெற்றுக் காசோலையைத் தந்தே ஆக வேண்டும் என்ற நிலையில், கடன் தொகை, காசோலை எண், எதற்காகத் தரப்படுகிறது என்பதைத் தனித் தாளில் எழுதி, வாங்குபவரின் கையெழுத்தைப் பெறுவது பெரிய காவல். கடனில் ஒரு பகுதியைத் திருப்பினால் அதைக் காசோலையிலேயே குறிக்கச் சொல்வதும் முக்கியம். 2022 அக்டோபர் தீர்ப்பு ஒன்றின்படி, பகுதித் தொகையைப் பெற்றுக்கொண்டு அதைக் காசோலையில் குறிக்காமல் முழுத் தொகைக்கும் வங்கியில் போட்டுத் திரும்பினால், 138-ஆவது பிரிவின் கீழ் குற்றம் ஆகாது.

காசோலையைக் கண்டெடுத்தோ திருடியோ நிரப்புவது நேரடியான போலி ஆவணக் குற்றம். 1860-இல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டமே இதற்கு உதாரணம் தந்திருக்கிறது. கையெழுத்து மட்டும் உள்ள காசோலையை ஒருவர் கண்டெடுத்துப் பத்தாயிரம் ரூபாய் என்று நிரப்புகிறார். கடனுறுதிக் கடிதம் ஒன்றில் உள்ள பத்தாயிரத்தோடு ஒரு சுழியைச் சேர்த்து இன்னொருவர் லட்சமாக்குகிறார். இரண்டும் போலி ஆவணம் புனைதலே. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 338-ஆவது பிரிவு, மதிப்புள்ள ஆவணத்தைப் போலியாக்குவோருக்கு ஆயுள் சிறை வரை, அல்லது பத்து ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்க வழி செய்கிறது.

எழுதும் முன்னும் எழுதிய பின்னும்

பாதுகாப்பு பேனாவில் தொடங்குகிறது. சொந்தப் பேனாவால், அழியாத மையால் எழுத வேண்டும். கடன் வாங்கித் தருவதாக வீட்டுக்கு வரும் முகவர் நீட்டும் பேனாவை நம்பக் கூடாது. எழுத்து மறைந்துபோகும் மை நிரப்பிய பேனாவைக் கொடுத்து ஏமாற்றிய கும்பல்கள் போலீசில் சிக்கியிருக்கின்றன. ‘ரூபாய்’ என்ற சொல்லை ஒட்டியே தொகையைத் தொடங்கி, முடிவில் ‘மட்டும்’ சேர்த்து, மீதி இடத்தைக் கோடிட்டு அடைத்துவிட வேண்டும். பெறுபவர் பெயருக்குப் பின்னால் உள்ள இடத்துக்கும் அதே கோடு தேவை.

பெரிய தொகைக்கு 2021 ஜனவரி 1 முதல் பாசிட்டிவ் பே என்ற ஏற்பாடு இருக்கிறது. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசோலையை எழுதியவுடன் அதன் எண், தேதி, பெறுபவர், தொகை ஆகியவற்றை வங்கியின் செயலியிலோ கிளையிலோ பதிந்துவிடலாம். 5 லட்சமும் அதற்கு மேலும் என்றால் இதைக் கட்டாயமாக்க வங்கிகளுக்கு அனுமதி உண்டு. வரும் படத்தில் ஏதாவது மாறியிருந்தால் வங்கிக்கு உடனே தெரிந்துவிடும்.

2025 அக்டோபர் 4-க்குப் பிறகு இந்தப் பதிவின் அவசியம் கூடியிருக்கிறது. காசோலைகள் தொடர்ந்து ஸ்கேன் ஆகிப் போகின்றன. பணம் தர வேண்டிய வங்கி அன்று மாலை 7 மணிக்குள் சரி அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஏற்றதாகவே பொருள். வந்த குறுஞ்செய்தியை இரவில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால் அதற்குள் பணம் போயிருக்கும்.

திருத்திய காசோலையில் பணம் போய்விட்டது தெரிந்தால் அன்றே வங்கிக்கு எழுத்து மூலம் புகார் தந்து, ஒப்புகை வாங்கி, காவல் நிலையத்திலும் பதிய வேண்டும். பணத்தை வசூலித்த வங்கியில் மூலக் காகிதம் பத்து ஆண்டுகள் பாதுகாக்கப்பட வேண்டும் என்பது விதி. தன் வங்கி தரும் படத்தோடு நின்றுவிடாமல், அந்த மூலத்தை வரவழைத்து நிபுணர் ஆய்வுக்கு வைக்குமாறு புகாரிலேயே கேட்கலாம். சுரண்டலும், இரண்டாவது மையும், பின்னால் நுழைந்த எண்ணும் தெளிவாகத் தெரிவது அந்த மூலக் காகிதத்தில்தான்.